பூநகரி: பரவைக்கடலின் மேற்கு வாசல்

வன்னிக் கரையின் துறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பூநகரியை விட்டுவிட்டுப் போவதே வழக்கமாக இருக்கிறது. மாதோட்டத்தைச் சொல்வார்கள், முல்லைத்தீவைச் சொல்வார்கள்; குடாநாட்டுப் பக்கத்தில் ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை என்று எண்ணுவார்கள். பூநகரிக்கு வரும்போது ஒரு கோட்டையையும் ஒரு போரையும் குறிப்பிட்டு மேலே நகர்ந்துவிடுவார்கள். பெருங்கப்பல் வந்து நங்கூரமிட்ட இடமல்ல; பண்டகசாலையாலும் சுங்கத்தாலும் பெயர்பெற்ற இடமுமல்ல; அதை எப்படித் துறை என்பது என்று அவர்கள் கேட்கக்கூடும். இந்தப் பகுதியில் நான் நிறுவ முயல்வது இதற்கு மாறான ஒன்று. பூநகரி ஒரு துறைதான். அயல்நாட்டுக்குச் சரக்கு அனுப்பிய துறை அல்ல, ஒரே மக்களின் இரண்டு நிலங்களை இணைத்த கடவைத்துறை. குடாநாட்டுக்கும் பெருநிலப்பரப்புக்கும் நடுவே இரண்டு வாசல்கள் இருந்தன. கிழக்கு வாசல் ஆனையிறவு, மேற்கு வாசல் பூநகரி. ஒன்றின் கதையை மற்றொன்றை விட்டுவிட்டுச் சொன்னால் இரண்டுமே விளங்காமல் போகும்.

முதலில் நிலத்தின் அமைப்பு. யாழ்ப்பாணக் கடல்நீரேரி, நம் மக்கள் பரவைக்கடல் என்று அழைப்பது, மேற்கே பாக்குநீரிணையோடு வாய் திறந்து, கிழக்கே ஆனையிறவை நோக்கி ஒடுங்கிப் போகிறது. பூநகரி அதன் தென்மேற்குக் கரை. அங்கிருந்து ஒரு மணல்நாக்கு வடமேற்காகக் கௌதாரிமுனை, மண்ணித்தலை, கல்முனை என்று நீண்டு, யாழ்ப்பாண நகரைக் கண்ணால் காணக்கூடிய தொலைவில் முடிகிறது. நீர் பரந்து கிடக்கிறதே தவிர ஆழமில்லை. பல இடங்களில் ஆளளவுகூட இராது. வற்றுக் காலத்தில் சேறும் சாதாழையும் வெளியே தெரியும். நீருக்குள் ஆழமாக அமிழும் மரக்கலம் இதற்குள் வர முடியாது. வரக்கூடியவை தோணி, வள்ளம், தட்டையான அடியுள்ள வத்தை போன்றவை. அவற்றையும் பல இடங்களில் கோல் ஊன்றித்தான் தள்ள வேண்டும். பூநகரியில் பெரிய துறைமுகம் ஏன் எழவில்லை என்பதற்கு விடை இந்த ஆழமின்மையில் இருக்கிறது. சிறு கலங்களின் கடப்பு அங்கே ஏன் ஓயாமல் நடந்தது என்பதற்கும் விடை அதே ஆழமின்மைதான். அலை குறைந்த, காற்று அதிகம் அச்சுறுத்தாத, கோலூன்றிக் கடக்கக்கூடிய நீர் அது. சோளகமும் வாடையும் வெளிக்கடலில் ஓட்டத்தைத் தடுக்கிற மாதங்களிலும் பரவைக்கடலைக் கடக்க வழி இருந்தது.

இந்தக் கடப்பு எவ்வளவு பழையது? பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரிப் பிரதேசத்தில் நடத்திய மேலாய்வுகள் 1993இல் 'பூநகரி தொல்பொருளாய்வு' என்ற நூலாக வந்தன. பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள், பிராமி எழுத்துப் பொறித்த ஓட்டுத் துண்டுகள், பிற்கால நாணயங்கள் என்று அவர் திரட்டிய சான்றுகள், ஆதிவரலாற்றுக் காலந்தொட்டு அங்கே மக்கள் தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்டின. என் வாதத்துக்கு முக்கியமானது அந்தச் சான்றுகளின் வயதைவிட, அவை கிடைத்த இடங்கள். பரமன்கிராய் போன்ற வயலும் நீரும் உள்ள இடங்களில் குடியிருப்பு இருந்ததில் வியப்பில்லை. ஆனால் மண்ணித்தலை அப்படிப்பட்ட இடமா? மணல்மேடும் உப்புக்காற்றும் கொண்ட முனை அது. பெரும் வேளாண்மைக்கு அங்கே இடமில்லை. அங்கேதான் பழைய சிவன் கோயில் ஒன்றின் இடிபாடு நிற்கிறது. சோழர் காலக் கலைமரபின் சாயல் அதில் இருப்பதாக ஆய்வாளர் கருதுகின்றனர். விளைச்சல் தராத மணல்முனையில் கல்லைக் கொண்டுபோய்க் கோயில் எழுப்ப ஒரு காரணம் வேண்டும். மனிதர் இறங்கி ஏறும் இடமாக, படகுகள் அணையும் இடமாக அந்த முனை இருந்தது என்பதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை. மீனவர் குடியிருப்பு ஒன்றே கோயிலுக்குப் போதாதா என்று கேட்கலாம். சிறு வழிபாட்டிடத்துக்குப் போதும்; கல்கட்டடத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருளும் கைவினைஞரும் தேவை. அந்தப் பொருளும் ஆட்களும் வந்த வழி நீர்வழியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த சான்று எழுத்துச் சான்று. மன்னாரைப் போர்த்துக்கேயர் பிடித்தது 1560இல். யாழ்ப்பாண இராச்சியத்தை அவர்கள் முற்றாகத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தது 1619இல். இடைப்பட்ட 59 ஆண்டுகள் மன்னார் ஒரு கையிலும் இராச்சியத்தின் தலைநகர் நல்லூர் இன்னொரு கையிலும் இருந்தன. மன்னாரிலிருந்து கரையோரமாக வடக்கே நடக்கிற எவரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் பூநகரிக் கரை. 1658இல் ஒல்லாந்தர் இதையே செய்தனர். அவ்வாண்டு பெப்ரவரியில் மன்னாரைக் கைப்பற்றிய ரைக்லொஃப் வான் கூன்ஸின் படை, தரைவழியே யாழ்ப்பாணம் நோக்கி நடந்தது. அந்தப் படையோடு போதகராகச் சென்ற பிலிப்பஸ் பால்டேயஸ் பின்னர் எழுதிய நூலில், உவர்நீரைத் தோணிகளில் கடந்து சாவகச்சேரிப் பக்கம் சேர்ந்ததைக் குறித்திருக்கிறார். மன்னாரிலிருந்து நடந்து வந்து தோணி ஏறி சாவகச்சேரிப் பக்கம் இறங்குகிற ஒருவர் எந்தக் கரையிலிருந்து புறப்பட்டிருக்க முடியும் என்பதைப் படத்தை விரித்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். யாழ்ப்பாணக் கோட்டை அவ்வாண்டு யூன் மாதம் வீழ்ந்தது. போர்த்துக்கேயர் ஆட்சி அங்கே முடிந்ததற்கு அந்தத் தோணிக் கடப்பும் ஒரு படி.

கடந்து வந்தவன் வாசலை அறிந்துகொள்வான். அறிந்த வாசலுக்குக் காவல் போடுவான். பூநகரிக் கோட்டையை அந்த நோக்கில்தான் பார்க்க வேண்டும். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் விரிவாக்கிய இந்தக் கோட்டை, சதுர வடிவானது. ஒவ்வொரு பக்கச் சுவரும் ஏறத்தாழ 30 மீட்டர். எதிரெதிர் மூலைகளில் இரண்டே கொத்தளங்கள். யாழ்ப்பாணக் கோட்டையை ஒருமுறை சுற்றி வந்தவருக்கு இது எவ்வளவு சிறியது என்பது புரியும். இவ்வளவு சிறிய கோட்டை நாட்டைக் காக்காது. ஒரு பெரும் படையை எதிர்த்து நிற்கவும் செய்யாது. போகிற வருகிற ஆட்களையும் பொதிகளையும் கண்காணிக்க, ஒரு சிறு காவற்படையை வைத்திருக்க, அது போதும். ஒல்லாந்தர் குடாநாட்டின் கழுத்துப் பகுதியில் ஆனையிறவிலும் அதற்கு அப்பாலும் வரிசையாகச் சிறு காவற்கோட்டைகளை வைத்திருந்தனர். அவற்றோடு பூநகரிக் கோட்டையைச் சேர்த்துப் பார்த்தால் எண்ணம் தெளிவாகிறது: வன்னியிலிருந்து குடாநாட்டுக்குள் நுழையக்கூடிய வழிகள் யாவும் ஒரே கையின் கீழ் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கடவையைக் காக்கக் கட்டிய கோட்டை என்றால் அது கரையிலேயே அல்லவா நிற்க வேண்டும்? பூநகரிக் கோட்டை வாடியடிச் சந்திக்கு அண்மையில், சங்குப்பிட்டி இறங்குதுறையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. மறுப்பு சரியாகத் தோன்றினாலும், அது பிற்காலத்து இறங்குதுறையை முற்காலத்துக்கும் பொருத்திப் பார்ப்பதால் வருவது. ஆழமில்லாத நீரேரியில் ஒரே ஒரு நிலையான துறை இருப்பதில்லை. நீர்மட்டமும் காற்றும் மாற மாற, தோணி அணையும் இடமும் மாறும். கல்முனையில் ஒரு துறை, பள்ளிக்குடாவில் ஒன்று, சங்குப்பிட்டிப் பக்கத்தில் ஒன்று என்று கரை முழுவதுமே துறையாக இருந்த காலம் அது. அத்தனைக்கும் காவல் போட முடியாது. ஆனால் எங்கே இறங்கினாலும் உள்நாட்டுக்குப் போகிறவன் வந்து சேரும் தெருச்சந்தி ஒன்று இருக்கிறது. குடிநீரும் அங்கேதான் கிடைக்கும். கோட்டை அங்கே நிற்கிறது. மன்னார் வீதியும் பரந்தனிலிருந்து வரும் வீதியும் இன்றும் அந்த அயலிலேயே கூடுகின்றன.

கோட்டையின் பிற்கால வாழ்வு இதை இன்னும் உறுதிப்படுத்துகிறது. 1795இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஆங்கிலேயர், 1805இல் பூநகரியில் பயணிகள் தங்கும் வாடிவீடு ஒன்றைக் கட்டினர். ஆட்சி கைமாறிப் பத்தே ஆண்டுகளில் காவலுக்கு இருந்த தேவை போய்விட்டது. கடப்புக்கு இருந்த தேவை போகவில்லை. காத்திருக்க வேண்டிய இடத்தில்தான் வாடிவீடு வரும். தோணி கிடைக்கும்வரை, காற்றுத் தணியும்வரை, விடியும்வரை அதிகாரிகளும் வழிப்போக்கரும் தங்க வேண்டியிருந்த ஊர் பூநகரி. அந்த வாடிவீட்டை நான் கோட்டையைவிடப் பெரிய சான்றாகக் கொள்கிறேன்.

ஆனையிறவுதான் உண்மையான வாசல், பூநகரி அதன் பக்கத்துப் புழைக்கடை மட்டுமே என்பது இரண்டாவது மறுப்பு. ஆனையிறவின் சிறப்பை யாரும் குறைக்க முடியாது. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகள் ஆழமற்ற நீரில் இறங்கி நடந்து குடாநாட்டுக்குள் போன இடம் அது. அங்கிருந்து யாழ்ப்பாணச் சந்தைக்குப் போய், ஊர்காவற்றுறையில் கப்பலேறி இந்தியக் கரைகளுக்குச் சென்றன. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் கொழுத்த வருமானம் தந்த வணிகம் என்பதால் ஏடுகள் அதைப் பற்றி நிறையப் பேசுகின்றன. ஏடுகள் நிறையப் பேசுவதால் அதுவே முழு வரலாறு ஆகிவிடாது. யானை நடந்து போகும். நெல்மூட்டை நடந்து போகாது. குடாநாட்டில் மக்கள் மிகுதி, வயல் குறைவு. எந்த ஆட்சியிலும் அதன் நெல் அதற்குப் போதியதில்லை. பூநகரியில் வயல் மிகுதி, மக்கள் குறைவு. இந்த இரண்டு உண்மைகளையும் நடுவிலுள்ள சில கிலோமீட்டர் ஆழமற்ற நீரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஆண்டுதோறும் எந்தப் பொருள் எந்தத் திசையில் போயிருக்கும் என்பதை ஏடு சொல்லித்தான் அறிய வேண்டியதில்லை.

பூநகரி மொட்டைக்கறுப்பன் என்ற பெயரை யாழ்ப்பாணத்து அடுப்படிகள் இன்றும் மறக்கவில்லை. சிவந்த, பருத்த அரிசி. மாவாக இடித்தால் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதற்கு இணை இல்லை என்பது அங்கத்தைய தீர்ப்பு. மானாவாரியாக, மாரி மழையை மட்டும் நம்பி விளைகிற நெல் அது. ஒரு நெல்லினம் தன் ஊர்ப்பெயரோடு நீரேரிக்கு அக்கரையில் அறியப்படுகிறது என்றால், அது தலைமுறை தலைமுறையாக அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். தென்மராட்சியில் இருந்துகொண்டே பூநகரியில் வயல் செய்தவர்களும் இருந்தனர். விதைப்புக்குப் போவார்கள், அரிவுவெட்டுக்குப் போவார்கள், நெல்லோடு திரும்புவார்கள். யானை வணிகம் ஒல்லாந்தர் காலத்துக்குப் பின் தேய்ந்தது. நெல்லின் கடப்பு அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. கிழக்கு வாசல் அரசின் வாசல் என்றால், மேற்கு வாசல் குடும்பங்களின் வாசல்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தராசு கிழக்கே சாய்ந்தது. யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 1902இல் ஓடத் தொடங்கிய இரயில், 1905இல் ஆனையிறவு வழியாகத் தெற்கோடு இணைந்தது. கண்டி வீதியும் அதே வழியில் வலுப்பெற்றது. கொழும்புக்குப் போகிறவனுக்குப் பூநகரியை நினைக்க வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. இருந்தும் மேற்குக் கடப்பு சாகவில்லை. குடாநாட்டுக் கரையில் கேரதீவிலிருந்தும் பூநகரிக் கரையில் சங்குப்பிட்டியிலிருந்தும் நீருக்குள் கல்லும் மண்ணும் கொட்டித் தெரு உயர்த்தினார்கள். அரசாங்க சபைக் காலத்து அமைச்சர் அருணாசலம் மகாதேவாவின் பெயரால் மகாதேவா தாம்போதி என்று அது வழங்கியது. நடுவே நீரோட்டமுள்ள இடைவெளி எஞ்சியது. அந்த இடைவெளியைக் கடக்கப் பாதை விட்டார்கள். பாதை என்று ஈழத்தில் நாம் சொல்வது, பஸ்ஸையும் லொறியையும் மாட்டுவண்டியையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகிற தட்டையான மிதவையை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே இன்றும் அப்படியொன்று ஓடுகிறது. சங்குப்பிட்டிப் பாதை வந்ததோடு, பூநகரிக்குக் கரையெங்கும் சிதறிக் கிடந்த துறைகள் போய், ஒரே ஒரு துறை நிலைபெற்றது.

இரயில் வந்தபின்னும் கடப்பு ஏன் நிலைத்தது என்பதற்கு ஸ்கொட்லாந்தில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. எடின்பரோவுக்கு அருகே ஃபோர்த் முகத்துவாரத்தின் தென்கரையில் சவுத் குவீன்ஸ்ஃபெரி என்ற சிறு ஊர் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் மார்கரெட் அரசி யாத்திரிகருக்காக ஏற்படுத்திய படகுக் கடவை என்பது அதன் மரபு. 1890இல் அதே இடத்தில், உலகமே வந்து பார்த்து வியந்த ஃபோர்த் இரயில் பாலம் திறக்கப்பட்டது. கடவை அதோடு முடிந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். முடியவில்லை. பாலத்தின் நிழலிலேயே படகுகள் இன்னும் 74 ஆண்டுகள் ஓடின. இரயில் ஊரை விட்டு ஊர் போகிறவனுக்கு உதவியது. வண்டியோடும் சரக்கோடும் கரை மாற வேண்டியவனுக்குப் படகுதான் வேண்டியிருந்தது. 1964 செப்டெம்பர் 4ஆம் திகதி வாகனப் பாலம் திறந்த பிறகே கடவை நின்றது. சங்குப்பிட்டியிலும் நடந்தது இதுவே. தூரப் பயணத்தை ஆனையிறவு எடுத்துக்கொண்டது; மன்னார்க் கரையோரத்துக்கும் பூநகரி வயல்களுக்கும் உரிய அண்மைப் பயணம் மேற்கு வாசலிலேயே தங்கியது. வேறுபாடு ஒன்றுதான், அது பெரியது. குவீன்ஸ்ஃபெரியின் கடவையைப் பாலம் நிறுத்தியது. சங்குப்பிட்டியின் கடவையைப் போர் நிறுத்தியது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது, ஆனையிறவு இராணுவ முகாம் கண்டி வீதியின் குறுக்கே நின்றது. கிழக்கு வாசல் அடைபட்டது. ஓரிரவில் மேற்கு வாசல் குடாநாட்டின் உயிர்நாடியாயிற்று. உணவு, மருந்து, மண்ணெண்ணெய், கொழும்புக்குப் போகும் நோயாளி, பரீட்சைக்குப் போகும் மாணவன் என்று எல்லாம் கேரதீவு–சங்குப்பிட்டி வழியே போயின. பல பத்தாண்டுகள் பக்கத்துத் தெருவாகக் கிடந்த இடம் அது. 1991இல் ஆனையிறவுப் பெருஞ்சமருக்குப் பின், அவ்வாண்டு முடிவதற்குள் இராணுவம் பூநகரியில் நிலைகொண்டது. மேற்கு வாசலும் அடைபட்டது. மக்கள் ஆனையிறவுக்குக் கிழக்கே கொம்படி–ஊரியான் வெளியால், சேற்றிலும் நீரிலும் நடந்தார்கள். அதுவும் இடர் மிகுந்ததாக ஆகவே, குடாநாட்டின் தென்கரையில் உள்ள கிளாலிக்கு வந்தார்கள். படத்தில் பார்த்தால் கிளாலி எங்கே இருக்கிறது? மேற்கே பூநகரி நாகதேவன்துறையில் கடற்படை, கிழக்கே ஆனையிறவில் தரைப்படை. இரண்டுக்கும் நடுவில் எஞ்சிய நீர் அது. இரண்டு வாசல்களையும் அடைத்தபோது மக்கள் சுவரிலேயே ஒரு வழி திறந்தார்கள்.

அந்தக் கடப்பை அறியாத தலைமுறை ஒன்று இப்போது வளர்ந்துவிட்டது. ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரவில் மட்டுமே பயணம். விளக்குக் கூடாது. இயந்திரம் பூட்டிய ஒரு படகு முன்னே போகும். அதன் பின்னால் கயிற்றில் தொடுத்த படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுபட்டுப் போகும். ஒவ்வொன்றிலும் ஆட்கள், பெட்டிகள், சைக்கிள்கள், மடியில் குழந்தைகள். கரை அணையும் இடத்தில் ஆழம் போதாததால் சேற்றில் இறங்கி நடக்க வேண்டும். முதியோரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடற்படையின் கண்ணில் பட்டால் சூடு விழும். 1993 சனவரி 2ஆம் திகதி இரவு அப்படிப் போன படகுகள் தாக்கப்பட்டுப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். ஆயுதம் இல்லாத பயணிகள் அவர்கள். கடக்க வேறு வழி இல்லாததால் அங்கே இருந்தவர்கள். அவ்வாண்டு நவம்பர் 11ஆம் திகதி விடுதலைப் புலிகள் பூநகரி முகாமையும் நாகதேவன்துறைத் தளத்தையும் ஒரே நேரத்தில் தாக்கினர். இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்த அந்தச் சமரை இராணுவ வரலாற்றாகவே எல்லாரும் எழுதுகிறார்கள். யாருக்கு இந்த நீரின்மேல் அதிகாரம் என்பதே அங்கு மோதிக்கொண்ட கேள்வி. 30 மீட்டர்ச் சுவரோடு ஒல்லாந்தர் விடை சொன்ன அதே கேள்வி.

1995இல் நடந்த ஒரு தற்செயல் ஒற்றுமையைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் கைல் என்ற படகுத்துறைக்கும் ஸ்கை தீவுக்கும் இடையே பாலம் திறக்கப்பட்டது. காலங்காலமாக ஓடிய படகுச் சேவை அதோடு நின்றது. பாலத்தில் அறவிட்ட கட்டணம் அதிகம் என்று தீவு மக்கள் கொதித்தெழுந்து, ஆண்டுக்கணக்கில் போராடி, 2004 டிசெம்பரில் அதை நீக்கச் செய்தார்கள். பாலம் திறந்த மறுநாள், ஒக்டோபர் 17ஆம் திகதி, யாழ்ப்பாணத்தைப் பிடிக்க 'ரிவிரெச' படை நடவடிக்கை தொடங்கியது. அம்மாதம் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தது. தொடர்ந்து வந்த மாதங்களில் இலட்சக்கணக்கானோர் கிளாலியில் படகேறி வன்னிக்குப் போனார்கள். ஒரே மாதம், இரண்டு கடவைகள். ஓரிடத்தில் கடப்பதற்கு எவ்வளவு கட்டணம் என்று மக்கள் அரசோடு வழக்காட முடிந்தது. மற்ற இடத்தில் கடந்து உயிரோடு கரை சேர்வோமா என்பதே தெரியவில்லை. துறை எதனால் ஆகிறது என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

போர்க்காலத்தை வைத்துத் துறையின் இயல்பை நிறுவலாமா, அது விதிவிலக்கு அல்லவா என்று கேட்கக்கூடும். போர் மட்டுமே சான்றாக இருந்தால் அந்தக் கேள்விக்கு நான் தலைசாய்த்திருப்பேன். நெல்லின் கடப்பும் 1805இன் வாடிவீடும் போர்க்காலச் சான்றோடு ஒரே திசையில் நிற்பதால்தான் அதைக் கொள்கிறேன். இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. கிழக்கு வாசல் மூடினால் மேற்கு வாசல் திறக்கும் என்றால், 2006இல் ஏன் திறக்கவில்லை? 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் கண்டி வீதி மீண்டும் மூடப்பட்டது. பூநகரி 1996இல் இராணுவம் விலகியதிலிருந்து விடுதலைப் புலிகளிடம் இருந்தது. சங்குப்பிட்டி வழி திறக்கப்படவில்லை. அந்தக் கரையிலிருந்து பலாலிப் படைத்தளத்தை நோக்கி எறிகணைகள்தான் போயின. குடாநாடு தீவாயிற்று, திருகோணமலையிலிருந்து வரும் கப்பலையும் விமானத்தையும் நம்பிப் பட்டினியோடு போராடியது. இதிலிருந்து என் கருத்தைத் திருத்தமாகச் சொல்ல முடிகிறது. நிலமும் நீரும் கடவைக்கு இடம் தரும். கடவையை ஆக்குவது இரு கரைகளின் இணக்கம். 1990இல் கேரதீவும் சங்குப்பிட்டியும் ஒரே கையில் இருந்தன, ஆகவே பாதை ஓடியது. 2006இல் அவை எதிரெதிர்க் கைகளில் இருந்தன, ஆகவே நீர் எல்லைக்கோடாயிற்று. மன்னாரும் நல்லூரும் வேறு வேறு கைகளில் இருந்த அந்த 59 ஆண்டுகளிலும் பூநகரிக் கரைவாசிகள் இதையே பட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

2008 நவம்பர் 15ஆம் திகதி இராணுவம் பூநகரியைக் கைப்பற்றியது. 2009 சனவரியில் ஆனையிறவும் மீண்டும் அதன் வசமாயிற்று. போர் முடிந்தபின், 2011 சனவரி 16ஆம் திகதி, தாம்போதியின் நடுவே இருந்த அந்தப் பழைய இடைவெளியின் மேல் 288 மீட்டர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கும், அங்கிருந்து புத்தளம் வழியாகக் கொழும்புக்கும் போகிற வாகனங்கள் இன்று அதன்மேல் நிற்காமல் போகின்றன. பாதை போய்ப் பாலம் வந்ததைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. பிரசவ வேதனையோடு பாதைக்குக் காத்திருந்த பெண்ணுக்கும், விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகக் காத்திருந்த கமக்காரனுக்கும் பாலம் நன்மைதான். படகுக் காலத்தை இனிய காலமாக எண்ணி ஏங்குவது, அதில் பட்ட பாட்டை அறியாதவர் செய்கிற வேலை. ஆனால் பாலம் ஒன்றைத் தன்னோடு கொண்டுபோகிறது. காத்திருக்க வேண்டிய தேவை போனதும், அந்த இடத்தை அறிய வேண்டிய தேவையும் போய்விடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் கடந்து போகிற பயணிக்கு, தன் சில்லுகளுக்குக் கீழே கிடப்பது எது என்று தெரிய வழியில்லை.

குவீன்ஸ்ஃபெரியில் பழைய படகுமேடைகளை இடித்துப் போடவில்லை. மூன்று பாலங்கள் வந்தபின்னும் ஹாஸ் மேடையிலிருந்து உல்லாசப் படகுகள் புறப்படுகின்றன. ஊர் தன் கடவை வரலாற்றைப் பெயரிலும் தெருவிலும் வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு வேண்டியது பெரும் பணம் அல்ல. பூநகரியில் கோட்டை ஷெல்லடி பட்டுச் சிதைந்து நிற்கிறது. மண்ணித்தலைக் கோயிலை உப்புக்காற்று தின்கிறது. கௌதாரிமுனையின் மணலை லொறிகள் அள்ளுவது குறித்து அந்த ஊரவர் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். அந்த மணலோடு போவது மேலாய்வு மட்டுமே கண்ட, இன்னும் முறையாக அகழாத வரலாறு என்பதை மாவட்டச் செயலகமும் தொல்லியல் திணைக்களமும் உணர வேண்டும். சங்குப்பிட்டியிலும் கேரதீவிலும் பழைய பாதைத்துறை இருந்த இடங்களையும், கிளாலியில் மக்கள் படகேறிய கரையையும் அடையாளமிட்டு, அங்கே இறந்தவர்களை நினைவுகூரும் கல்லொன்றையாவது நாட்டுவது பிரதேச சபைகளால் ஆகக்கூடிய காரியம்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது வாசகர்களுடையது. சங்குப்பிட்டிப் பாதையில் வேலை செய்தவர்கள், வத்தையிலும் தோணியிலும் நெல் ஏற்றியவர்கள், கிளாலியில் படகோட்டியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், பெரும்பாலோர் முதுமையில். அவர்கள் எந்த மாதத்தில் எந்த இடத்தில் கரை அணைந்தார்கள், எந்தக் காற்றுக்கு எந்த வழி பிடித்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், யார் யாரை இழந்தார்கள் என்பதை எந்த ஏடும் பதியவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த மாதமே அவர் அருகில் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். பாதையில் எடுத்த படம், பழைய பயணச் சீட்டு, நெல் ஏற்றிய கணக்குக் கொப்பி எதுவும் கையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலோ உங்கள் ஊர்ப் பாடசாலையிலோ ஒரு பிரதியைக் கொடுத்துவையுங்கள்.